முப்பத்தெட்டு விநாடிச் சத்தம்

மார்ச் 2, திங்கள்
ஓட்டக்களம்

அன்பு அக்காவுக்கு,

வாலு எழுதுறேன். பத்திரமா வந்து சேர்ந்துட்டேன், அம்மாகிட்ட சொல்லிடு. இந்த மலைக்குள்ள கைப்பேசி எடுக்கவே எடுக்காது. ஆபீஸ் ரூம்ல ஒரே ஒரு போன் இருக்கு, அதுல பேசினா ஆறு பேர் காது வைப்பாங்க. அதனால திங்களும் வியாழனும் உன் ஆபீசுக்கு லாக் தாள், அதான் தினம் ஓட்டினதை நாங்க எழுதுற தாள், எடுத்துட்டுப் போற லாரியில, அந்தப் பெட்டிக்குள்ளயே கடிதத்தையும் சொருகிடுறேன். நீயும் அப்படியே பண்ணு.

முதல்ல என் மானம் போன கதையைக் கேளு. உன் எஞ்சின் பொருத்தின வண்டியில உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்ல. பிடிக்கலையோன்னு மறுபடியும் திருப்பினேன் பாரு, கர்ர்ருன்னு பல்லைக் கடிச்சுச்சு. பக்கத்துல நின்ன மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டார். பதினேழு வருஷமா சோதனை வண்டி ஓட்டுறவ, ஓடிக்கிட்டிருக்கிற எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியிருக்கேன்! அவ்வளவு அமைதியா ஓடுதுக்கா.

அவரை வாயடைக்க பானெட்டைத் திறந்து, எஞ்சின் மூடி மேல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தின தம்ளரை வெச்சேன். உள்ள ஆறு பிஸ்டன் மேலயும் கீழயும் அடிச்சுக்குது. வெளிய ஒரு சொட்டு சிந்தல. இப்ப தினம் ஒருத்தர் தம்ளரோட வந்து நிக்கிறாங்க.

ஒரு குறை உண்டு. சொல்லாட்டி நான் உன் தங்கச்சியே இல்ல. காலை அழுத்தினா ஒரு மூச்சு யோசிக்குது. அப்புறம்தான் டர்போ முழிச்சுக்கிட்டு முதுகுல கை வெச்சுத் தள்ளுது. கூப்பிட்டா "என்ன?"ன்னு கேட்டுட்டு அப்புறமா எழுந்து வர்றது யார் குணம்னு எனக்குத் தெரியும்.

எஞ்சினைப் பண்ணினவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு இங்க இன்னும் யாருக்கும் சொல்லல. என் வாயை அடைக்க நீ என்ன தருவேன்னு யோசிச்சு வை.

உன் வாலு


மார்ச் 7

வாலுக்கு,

கடிதத்தை மூணு தடவை படிச்சேன். ஸ்டார்ட் பண்ணின கதையை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "ஒருத்தி செய்யுறா, ஒருத்தி ஓட்டுறா, எனக்கு ஆஸ்பத்திரி போக பஸ்தான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

தம்ளர் சிந்தாததுக்குக் காரணம் நான் இல்லடி. ஆறையும் ஒரே வரிசையில நிறுத்தினா வர்ற வரம் அது. ஒண்ணும் ஆறும் சேர்ந்து ஏறும், ரெண்டும் அஞ்சும், மூணும் நாலும். ஒரு ஜோடியோட இழுப்பை மத்த ஜோடிகள் சரிக்கட்டிடும். வரம் கூடவே சாபமும் உண்டு, நீளம். ஒன்பது வருஷமா நான் பண்ணினதெல்லாம் அந்த நீளத்தோட சண்டைதான். தண்ணி பம்பைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, சிலிண்டருக்கு நடுவுல இருக்குற சுவரை மெலிசாக்கி, நாலு விரற்கடை குறைச்சேன். எங்க ஆபீஸ்லயே மூணு மூணா ரெண்டு சாய்வுல நிக்கிற வி வடிவ எஞ்சின் போதும்னு ஒரு கூட்டம் இருக்கு. குட்டையா இருக்கும், எந்த வண்டியிலயும் அடங்கும்னு வாதம். அவங்களை வி கட்சின்னுதான் கூப்பிடுறேன்.

இனிமே சொல்லப்போறது சிரிக்கிற விஷயம் இல்ல. எஞ்சினைத் தேர்ந்தெடுக்குற கமிட்டி கூடுற தேதியை முன்னாடி இழுத்து மே 5ன்னு வெச்சுட்டாங்க. அன்னிக்கு லட்சம் கிலோமீட்டர் ஓடின, ஒரு பழுதும் இல்லாத லாக் தாளை மேஜையில வைக்கணும். வெச்சா அடுத்த பெரிய கார்ல நம்ம எஞ்சின். வைக்காட்டி வி கட்சி ஜெயிச்சுது, நம்மது அலமாரிக்கு.

ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஓட்டுறவங்க மூணு பேர் மாறி மாறி ஓட்டட்டும், எஞ்சின் நிக்கவே வேண்டாம். ஆயில் மாத்துற இருபது நிமிஷம் தவிர அது ஆறக் கூடாது. ஏழு வாரத்துல லட்சம் முடிஞ்சிடும், ஒரு வாரம் கையிருப்பு. எப்படி என் மூளை?

யோசிக்குதுன்னு சொன்னியே, அது எனக்கும் தெரியும். பட்டறையில ஆறுவிரல்னு பேர் வெச்சிருக்காங்களே, ஆறு சிலிண்டரோட புகையையும் ஆறு விரலால வாங்கி உள்ளங்கையில சேர்த்து டர்போவுக்குக் கொடுக்குற இரும்புக் குழாய், அதுக்குள்ள நெரிசல் ஜாஸ்தி. வார்ப்புக்காரர் அதை முன்னாடி மூணு, பின்னாடி மூணுன்னு ரெண்டா வார்க்கலாம்னார். "இவ்வளவு நீளத்தை ஒண்ணா முடுக்கி வெச்சா சூட்டுல இழுத்துக்கும்மா"ன்னார். நான் கேக்கல. ரெண்டுன்னா நடுவுல ஒரு இணைப்பு வரும், இணைப்புன்னா என்னிக்காவது ஒழுகும். ஒரே வார்ப்புல ஒழுக இடம் ஏது? மனுஷன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. ஓட்டுறப்ப பாட்டுக் கேக்காத, எஞ்சினைக் கேளு.

அக்கா


மார்ச் 30, திங்கள்

அன்பு அக்காவுக்கு,

நாற்பத்திரண்டாயிரம்! மூணு வாரமா உன் பிள்ளை கண்ணை மூடல. ஓட்டுற நாங்கதான் ஒருத்தர் இறங்க ஒருத்தர் ஏறுறோம். எனக்கு முன்னாடி ஓட்டுற தாடிக்காரர் இறங்குறப்ப சீட்டு சுடச்சுட இருக்கும். அது ஒண்ணுதான் இங்க எனக்குப் பிடிக்காத சூடு.

நேத்து மேற்குச் சரிவுல ஏறினேன். பாதி ஏத்தத்துல எல்லா வண்டியும் மூச்சு வாங்குற ஒரு வளைவு இருக்கு. நாங்க அதை முனகல் வளைவுன்னு சொல்வோம். நம்ம வண்டி அங்க கியர்கூட மாத்தல. அடியில இருந்து ஒரே இழுவையா, பட்டுப்புடவையை உருவுற மாதிரி மேல போயிடுச்சு. உச்சியில நிறுத்த முடியாது, உன் உத்தரவு. ஓட்டிக்கிட்டே அழுதேன்க்கா. சொல்லிக்க வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன். நான் எத்தனையோ பேரோட எஞ்சினை ஓட்டியிருக்கேன். இது என் வீட்டுல பொறந்தவ பண்ணினதுன்னு நெனச்சப்ப தாங்கல.

சின்ன வயசுல நீ அம்மாவோட தையல் மிஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு, திருப்பிப் பூட்டத் தெரியாம முழிச்சே, ஞாபகம் இருக்கா? நான்தான் பிரிச்சேன்னு அடி வாங்கினேன். இன்னிக்கு வரைக்கும் அம்மாவுக்கு உண்மை தெரியாது. அந்த அடிக்கு இப்பதான் பலன் கிடைச்சிருக்கு.

வார்ப்புக்காரர்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லேன். உன் வாய் கொஞ்சம் நீளம்.

உன் வாலு


ஏப்ரல் 4

வாலுக்கு,

என் வாய் நீளமா? எஞ்சினைவிட நாலு விரற்கடை கம்மிதான்.

லாக் தாள் முதல்ல என் மேஜைக்கு வரும், நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பணும், அதுதானே முறை. ஒவ்வொரு தாளையும் படிச்சு முடிச்சதும் எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் காட்டணும் போல இருக்கு. வி கட்சிக்காரங்க காப்பி குடிக்க வர்றப்ப இப்பல்லாம் என் பக்கம் திரும்புறதே இல்ல. பெரிய நாற்காலி, அதான் கமிட்டித் தலைவர், நேத்து என்னை நிறுத்தி, "உங்க தங்கச்சி எழுதினா அதுக்கு மேல நான் கேள்வி கேக்கமாட்டேன். பதினேழு வருஷத்துல அந்தக் கையெழுத்துல ஒரு பொய் பார்த்ததில்ல"ன்னார்.

ஒண்ணு சொல்லட்டுமா? இது நின்னுபோச்சுன்னா நான் இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆரம்பிக்கமாட்டேன். தெம்பு இல்ல. இதை வேற யார்கிட்டயும் சொல்லல.

சரி, விடு. இன்னும் நாலு வாரம்தானே. நீ அழுதேன்னு எழுதினதைப் படிச்சு நானும் அழுதேன், கணக்கு சரியாப் போச்சு.

அக்கா


ஏப்ரல் 13, திங்கள்

அன்பு அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை மழையில மலை சரிஞ்சு பாதை மூடிப்போச்சு. ஒரு நாளைக்கு மேல வண்டி கொட்டகையில கிடந்தது. நேத்து காலையில மண்ணை அள்ளிட்டாங்க, மறுபடியும் ஸ்டார்ட் பண்ணி ஓட்டுறோம். கவலைப்படாத, கையிருப்பு வாரம் இருக்கே. அறுபத்தேழாயிரம் ஆச்சு.

ஆறுவிரல் ஒரே வார்ப்புதானே? சும்மாதான் கேட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? எனக்கு லேசா சளி, வேற ஒண்ணும் இல்ல.

வாலு


ஏப்ரல் 17

வாலுக்கு,

இது கடிதமா, தந்தியா? இங்க நான் பெட்டியைத் திறந்ததும் முதல்ல தேடுறது உன் கடிதத்தைத்தான், அப்புறம்தான் லாக் தாள். நாலு வரியில முடிச்சுட்டு சளியாம்!

ஆறுவிரல் ஒரே வார்ப்பேதான், எவ்வளவு தடவை சொல்றது. வார்ப்புக்காரர் உன் காதையும் கடிச்சுட்டாரா?

அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவிக்கிறாங்க. மே 5க்குக் கட்டிக்க எனக்கு ஒரு நீலப் புடவை எடுத்து வெச்சிருக்காங்க. ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே வேண்டாம்மான்னா கேக்கணுமே.

கஷாயம் குடி.

அக்கா


ஏப்ரல் 23, வியாழன்

அக்கா,

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, நேராவே சொல்லிடுறேன். இந்தப் பெட்டியில இருக்குற கடைசி லாக் தாள்ல பழுதுன்னு எழுதியிருக்கேன்.

நேத்து சாயங்காலம் என் முறை முடிஞ்சதும் அடுத்து ஏற வந்தவரை வண்டியைத் தொட விடல. உன் உத்தரவை மீறி எஞ்சினை நிறுத்தி, பன்னிரண்டு மணி நேரம் ஆற விட்டேன். காலையில சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக். பேனா மூடியால மேஜையைத் தட்டுற மாதிரி. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், முப்பத்தெட்டு விநாடி. அப்புறம் ஒண்ணுமே இல்ல, பழைய அமைதி.

நிறுத்தி, மறுபடியும் ஆறினதும் கண்ணாடி வெச்சு அடியில பார்த்தோம். ஆறுவிரல்ல நாலாவது விரல் முளைக்கிற இடத்துல கரி படிஞ்சிருக்கு. துடைச்சா முடி கனத்துக்கு ஒரு கீறல். இரும்பு சூடாகி நீண்டதும் கீறல் தானா மூடிக்குது. சூடா இருக்கறப்ப எந்தக் கருவியிலயும் தெரியாது. நாமதான் அதை ஆறவே விடலையே.

எழுதாம இருந்திருக்கலாம். இன்னும் ஆறு நாள் நிக்காம ஓட்டினா லட்சம் ஆயிருக்கும், மே 5 தாண்டியிருக்கும். ஆனா இந்தக் காரை வாங்குறவங்க வீட்டுல அது தினமும் ஆறத்தானே செய்யும்? காலையில குழந்தைங்களைப் பள்ளிக்கூடத்துல விட சாவியைத் திருப்புவாங்களே? ஒரு வருஷத்துல அந்த முடி விரல் அகலம் ஆயிடும். டர்போவுக்குப் போற கொதிக்கிற புகை அது, வெளிய பீச்சினா தீதான், உனக்கு நான் சொல்லணுமா.

என்னைத் திட்டு. என்ன வேணா எழுது. பதில் மட்டும் போடு.

வாலு


மே 7, வியாழன்

அக்கா,

நாலு லாரி வந்து போயிடுச்சு. பெட்டியில உன் கையெழுத்து இல்ல. சோதனையை நிறுத்தச் சொல்லி ஆபீஸ்ல இருந்து ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். என்னை வேற வண்டிக்கு பிரேக் சோதனைக்குப் போட்டிருக்காங்க. நம்ம வண்டி கொட்டகையில கித்தான் போர்த்திக் கிடக்கு. அந்தப் பக்கம் போறப்ப வேற எங்கயாவது பார்த்துட்டு நடக்குறேன்.

மே 5 என்ன ஆச்சு? நீலப் புடவை கட்டினியா?

தம்ளர் வெச்சுப் பார்த்தவங்க எல்லாம் உன்னைப் பத்திதான் கேக்குறாங்க. அந்தக் கீறலைத் தவிர அதுல குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்லைக்கா. எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓட்டினவ சொல்றேன்.

வாலு


ஜூன் 1, திங்கள்

அக்கா,

அம்மா எழுதின கார்டு வந்தது. நீ சரியாச் சாப்பிடுறதில்ல, வார்ப்பறையே கதின்னு கிடக்குறியாம். எங்கிட்ட கோவம்னா கோவமாவே இரு. சாப்பாட்டு மேல என்ன கோவம்?

இனிமே நீ எழுதுற வரைக்கும் நான் எழுதமாட்டேன். தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்.

வாலு


ஜூன் 18

என் வாலுக்கு,

உன் மூணு கடிதமும் என் முன்னாடிதான் இருக்கு. வேலை அதிகம், அதான் எழுதலைன்னு சொன்னா நீ நம்பிடுவ. அது பொய். வெக்கத்துல எழுதல.

ஏப்ரல் 24 காலையில உன் லாக் தாள் என் மேஜைக்கு வந்தது. படிச்சேன். கதவைச் சாத்தினேன். கையெழுத்துப் போட்டு மேல அனுப்ப வேண்டிய தாளை என் மேஜை இழுப்பறையில வெச்சுப் பூட்டினேன். நாலு நாள்டி. அன்னிக்கு, சனி, ஞாயிறு, திங்கள். "முப்பத்தெட்டு விநாடிதானே"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வீட்டுக்குப் போனா அந்த நீலப் புடவை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கு. தாளை எடுக்கப் போவேன், பூட்டின பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிடுவேன். தையல் மிஷினுக்காக என்னைக் காட்டிக்கொடுக்காதவ, எஞ்சினுக்குக் காட்டிக்கொடுத்துட்டாளேன்னுகூட ஒரு நிமிஷம் உன் மேல ஆத்திரப்பட்டேன். அதுக்காக என்னை மன்னிச்சுடு.

செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். குழந்தைங்களைப் பள்ளிக்கூடத்துல விட சாவியைத் திருப்புவாங்களேன்னு எழுதியிருந்தியே, அதுக்கு மேல என்னால உட்கார முடியல. இழுப்பறையைத் திறந்தேன்.

மே 5 அன்னிக்குத் தாளை நானே எழுந்து நின்னு படிச்சேன். நாலு நாள் பூட்டி வெச்சதையும் சொன்னேன். நீலப் புடவை கட்டல. முதல்ல வாயைத் திறந்தது வி கட்சியோட தலைவர்தான், நம்புவியா? "கருவி கேக்காததைக் காதால கேட்டு, கூடப் பிறந்தவளோட எஞ்சின்னும் பாக்காம எழுதுறவங்க ஓட்டிப் பார்க்குற எஞ்சின்னா, எனக்கு அதுல ஏறத் தைரியம் வரும்"னார். டிசம்பர் வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க. நிபந்தனை ஒண்ணுதான்: தினமும் ஒரு தடவை எஞ்சினை முழுசா ஆற விடணும். எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு, கோப்புல இருக்கு. இருக்கட்டும்.

கூட்டம் முடிஞ்சதும் நேரா வார்ப்புக்காரர்கிட்ட போனேன். "நீங்க சொன்னது சரி, நான்தான் கேக்கல"ன்னேன். சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுஷன். அலமாரியைத் திறந்து ரெண்டு மர அச்சை எடுத்து வெச்சார், முன்னாடி மூணு, பின்னாடி மூணு. "நீங்க வேண்டாம்னு சொன்ன வாரமே செஞ்சுட்டேம்மா. என்னிக்காவது வருவீங்கன்னு தெரியும்"ங்கிறார். அங்கேயே நின்னு சிரிச்சு, அழுது, எல்லாம் ஆச்சு.

ரெண்டு பாதிக்கும் நடுவுல ஒரு வளையம். ஒரு மில்லிமீட்டர் நகர இடம் விட்டிருக்கோம், சூடானா ரெண்டும் அவங்கவங்க இஷ்டத்துக்கு நீளலாம், யாரும் யாரையும் இழுக்கமாட்டாங்க. டர்போவுக்கும் இப்ப ரெண்டு வாய். முன் மூணோட புகையும் பின் மூணோட புகையும் ஒண்ணை ஒண்ணு மிதிக்கிறதில்ல. இங்க சோதனை மேடையில ஓட்டிப் பார்த்தேன்: முன்னாடி நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு சுத்துல முழிச்ச டர்போ, இப்ப ஆயிரத்து அறுநூறுலயே எழுந்துக்குது. நீ முதல் நாளே யோசிக்குதுன்னு சொன்னியே, அந்தக் குறையும் இந்தக் கீறலோடவே போச்சு. சூடாக்கி, ஆற வெச்சு, சூடாக்கி, இருநூறு தடவை பண்ணிட்டோம். கீறல் இல்ல. ஆனா மேடை வேற, மலை வேற. உன் காது சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை.

இந்தப் பெட்டியில புது ஆறுவிரலும் ரெண்டு வாய் டர்போவும் இருக்கு. உன் மெக்கானிக் ஒரு நாள்ல மாட்டிடுவார்.

நீ எழுதினதுதான் சரி. எனக்கு ரெண்டு வயசு சின்னவ நீ, ஆனா அந்த நாலு நாள்ல நான்தான் சின்னவளாப் போயிட்டேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பதில் போட உனக்கு மனசு வந்தா போடு.

அக்கா


ஜூன் 25, வியாழன்

என் அக்காவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் மெக்கானிக் ஆறுவிரலைத் தூக்கினார், நான் கடிதத்தைத் தூக்கினேன். படிச்சுட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துட்டேன். தாடிக்காரர் டீ கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிட்டார்.

நாலு நாளுக்கா இவ்வளவு வெக்கம்? இப்ப என் கதையைக் கேளு.

என் லாக் தாள்ல ஏப்ரல் 23ன்னு தேதி போட்டிருக்கும். நான் அந்தச் சத்தத்தை முதல்ல கேட்டது அன்னிக்கு இல்ல. மழைக்கு அப்புறம், பன்னிரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில, ஆறிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினப்பவே கேட்டேன். என்னன்னும் அப்பவே தெரிஞ்சுபோச்சு. ரேடியோவைச் சத்தமா வெச்சு ஓட்டினேன். எஞ்சினைக் கேளுன்னு நீ சொன்னதுக்கு, உன் எஞ்சினைக் கேக்கக் கூடாதுன்னு பாட்டு வெச்சேன். மறுநாள் சளின்னு உனக்கு நாலு வரி எழுதினேன். இது நின்னுபோச்சுன்னா இன்னொரு தடவை ஆரம்பிக்கத் தெம்பு இல்லைன்னு நீ எழுதின கடிதம் என் தலையணைக்கு அடியில இருந்தது. பதினேழு வருஷத்துல ஒரு பொய் இல்லைன்னு அந்தப் பெரிய நாற்காலி சொன்னாரே, பதினோரு நாள் உண்டுன்னு அவருக்கும் இதே லாரியில எழுதி அனுப்பிட்டேன்.

ஆக, நீ நாலு, நான் பதினொண்ணு. இதுல யாரு சின்னவ?

ஆறுவிரலைச் செவ்வாய்க்கிழமையே மாட்டியாச்சு. ரெண்டு நாளா வண்டி ஜில்லுனு ஆறிக் கிடக்கு. மெக்கானிக், தாடிக்காரர், தம்ளர்க்காரங்க எல்லாரும் ஸ்டார்ட் பண்ணு பண்ணுன்னு உயிரை எடுக்குறாங்க. நான் சாவியைக் கொடுக்கல, என் பையில வெச்சிருக்கேன்.

திங்கட்கிழமை லாரியில டிரைவருக்குப் பக்கத்துல இடம் சொல்லியிருக்கேன். அம்மாவையும் கூட்டிட்டு வா, பஸ் வேண்டாம். லைசென்ஸ் இல்லாட்டி என்ன, சாவியைத் திருப்பத் தெரியும்ல? நீ ஓட்டுற சீட்ல உட்காரு, நான் பக்கத்துல உட்கார்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு ரெண்டு பேரும் முப்பத்தெட்டு விநாடி காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்போம். சத்தம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே தாள்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்.

உன் வாலு